பழைய வேட்டியில் ஒரு போர்வை

அரியலூரில் இருப்பவருக்கு,

போர்வையை உங்கள் அம்மாவிடம், அத்தையிடமே, கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அத்தை வந்து, "பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. அப்பன் கட்டுன வேட்டியிலதான் மொதப் போர்வை தைக்கணும். அரியலூர்ல அவ வூட்டுல எல்லாம் புதுசு. அவன் பழசு ஒன்கிட்டதான கெடக்கு" என்றார்.

ஊருக்கெல்லாம் போர்வை தைப்பவள், இதற்கு மட்டும் எப்படி மறுப்பது? உங்கள் வேட்டி, சட்டைகளை ஆலத்தியூர் ஆலையின் சிமென்ட் தூசி போகும்வரை அலசி, மடிப்பு மடிப்பாக அடுக்கிக் கையாலேயே தைத்தேன். நேற்று ஓரம் தைக்கும்போது ஊசி முறிந்து முனை உள்ளே போய்விட்டது. தடவிப் பார்த்தேன், அகப்படவில்லை. அத்தை வாசலில் நின்றுகொண்டு, "குடுடி, பஸ் போயிடும்" என்றார்.

அப்படியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கை மடிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

பிறகு, "நாளைக்கு வாங்கத்தை" என்று அனுப்பிவிட்டு, முழுவதையும் பிரித்தேன். முனை கிடைத்தது. முடிச்சுகள் உறுத்தாதபடி உள்பக்கமாக வைத்து மறுபடி தைத்திருக்கிறேன். பயப்படாமல் போர்த்துங்கள்.

உங்கள் வேட்டி, சட்டை எல்லாம் அதிலேயே தீர்ந்துவிட்டன. இனி எடுத்துப்போக இந்த வீட்டில் உங்களுக்கு ஒன்றுமில்லை.

போர்வை தைத்தவள்