ஒருசந்தி நாளில் ஒரு வாய்

இன்று பெரிய வெள்ளி. நன்னாரி வேரைத் தட்டிக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டுப் புதினாவைக் கசக்கினேன். அந்த வாசம் என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியாக வந்து கூடப்பிறந்தவளாகவே ஆகிப்போனவளே, போன மழைக்காலத்தில் நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். எலுமிச்சம்பழம் பிழிய எனக்குத்தான் துணையில்லை.

டிராம் வண்டி ஓடுவதே நிற்கப்போகிறது என்று ராயபுரமே பேசிக்கொண்டிருந்த கோடை ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வருஷம் உன் மகள் வாந்திபேதியில் கிடந்தாள். அவள் பிழைத்தால், சிலுவைப் பாதை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு அண்டா சர்பத்தை அடிவரை ஊற்றுவதாக நேர்ந்திருந்தாய். பிழைத்தாள். ஆனால் டிராம் பேச்சு நடந்த அந்தக் கோடையிலும் காசிமேட்டுப் பக்கம் நோய் தலைகாட்டியிருந்ததால், தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கலந்தோம். ஒருவேளை மட்டுமே சாப்பிடும் ஒருசந்தி நோன்பு நாள் என்பதால் கலந்தவர்கள் ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை. அதுதான் நம் தெரு வழக்கம்.

ஐஸ் வாங்கப் போன உன் தம்பி, கோணியில் சுற்றி எடுத்துவந்து அண்டாவில் போட்டான். அதற்குள் கோவில் விட்டுக் கூட்டம் வந்துவிட்டது. நா வறண்ட பிள்ளைகள் டம்ளரோடு முண்டியடித்தார்கள். நீ கரண்டியை முக்கி எடுத்தாய். எடுத்த கை அப்படியே நின்றது. கரண்டியின் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ ஒரு வாய் குடித்தாய். "அய்யோ, ஒருசந்தி!" என்றேன். நீ தம்பி பக்கம் திரும்பினாய்.

"உப்புக் கரிக்குது. இன்னா ஐஸுடா இது?"

"கடைல தீந்துபோச்சுக்கா. மீன் பொட்டிக்குப் போடறதுதான். நல்லா கய்வித்தான் எத்துகினு வந்தேன்."

அண்டாவின் காதைப் பிடித்தாய். உன் மாமியார் ஓடிவந்து மறித்தாள். "நேந்துகினத தெருவுல ஊத்துறியா? கொயந்தைக்கு எதுனா ஆச்சுன்னா?"

நீ பிடியை விடவில்லை. "எதுனா ஆனாலும் என் கொயந்தையோட போவட்டும். ஊரு கொயந்தைங்க இன்னா பாவம் பண்ணிச்சு?"

அண்டாவைக் கவிழ்த்துவிட்டாய். தாகத்தோடு நின்றவர்கள் கண்டபடி ஏசினார்கள். அன்றிலிருந்து உன் மகள் தும்மினால்கூட நீ வெளுத்துப்போவாய். ஒருநாள் அவள் வாந்தி எடுத்ததும் கோவிலுக்கு ஓடி முழங்காலில் விழுந்து கதறினாய். நானும் உன் பக்கத்தில் விழுந்து அழுதேன். கடைசியில் பார்த்தால், கழுதை திருட்டு மாங்காய் தின்றிருக்கிறது! சிரிக்கக்கூட நமக்குத் தெம்பில்லை. மறு வருஷம் ஐஸே இல்லாமல், பானைத் தண்ணீரில் கலந்து நேர்ந்ததைத் தீர்த்தாய்.

அன்று முதல் நம் வாசலில் கலக்கிய சர்பத்தில் முதல் வாய் நம்முடையதுதான். நீ இருந்தவரை நீ குடித்தாய். ஒருசந்தி முறிகிறதே என்று கேட்டவர்களிடம் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாய்.

இன்று கரண்டியை நான் எடுத்தேன். தலை நரைத்த உன் மகள் அதை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்: "உப்பு இல்ல. வாங்க."