மஞ்சள் காமாலை, என் கையெழுத்தில்

பிப்ரவரி 9, 1998. திங்கள்

டாக்டர் சந்திரசேகரன் இந்த வருஷம் எங்கள் காலேஜில் பதினெட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை வரவைத்திருக்கிறார். ஒருவருக்கும் கண் மஞ்சளாகவில்லை.

அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் எல்லாரும் அடுகோடி ஏரியாவில் இருக்கும் இவர் கிளினிக்குக்குத்தான் வருகிறார்கள். அவர் எழுத்து அவருக்கே புரியாது. அதனால் சர்டிபிகேட் எழுதுவது நான். கையெழுத்து மட்டும் அவர். டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, வியாதி எழுதுவது. தினமும் காலை எட்டிலிருந்து பத்தரை வரை இதுதான் என் வேலை.

இன்று என் கிளாஸ் ஹரிஷ் வந்தான். வருஷம் முழுக்க பிரிகேட் ரோட்டில் பைக்கில் சுற்றியவன்.

"குளோரியா, எனக்கு டீசண்டா ஒரு வியாதி போடேன்."

இருபது நாள் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். டாக்டர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 16

அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்: குளோரியா, 58 சதவீதம். 75 இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு வருஷம் போச்சு.

முதல் பீரியட் நடக்கும்போதெல்லாம் நான் கிளினிக்கில் உட்கார்ந்து ஊரான் அட்டெண்டன்ஸைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டிருக்கலாமே? விட்டா ஃபீஸ் யாரு கட்டுவா, ஹரிஷோட அப்பனா?

பிப்ரவரி 17

எனக்கும் காமாலை எழுதிக்கொண்டேன். டாக்டர் சிரித்தார்.

"உனக்குமா? கல்லு மாதிரி இருக்கியேம்மா. ஒரு நாளாவது லீவு போட்டிருக்கியா?"

போடவில்லை. அதுதானே வியாதி.

பிப்ரவரி 19

எச்.ஓ.டி. கிருஷ்ணப்பா சார் கூப்பிட்டார். அவர் தமிழில் பாதி கன்னடம். மேஜைமேல் எல்லா சர்டிபிகேட்டும். பக்கத்தில் என் டெஸ்ட் பேப்பர்.

"ஏனம்மா, எல்லார் காமாலெயும் உன் கையெழுத்துலயே வந்திருக்கு?"



மற்றவர்களுடையதை ஏற்றுக்கொண்டாராம். ஹரிஷின் வயிற்றுப்போக்கைக்கூட. (கிளாஸில் சத்தமாகப் படித்தார். இப்போது அவனுக்கு யாரும் பெஞ்சில் பக்கத்து இடம் தருவதில்லை.) என்னுடையது மட்டும் செல்லாது. ஏனென்றால் என் வியாதியை நானே எழுதியிருக்கிறேன்!

கடைசியில் இரக்கப்பட்டார். "நீ வேலெக்குப் போறே, அஷ்டே தானே? அதையே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன். இருபத்தேழாம் தேதிக்குள்ள."

நிஜத்துக்கு ஒரு சர்டிபிகேட். அவ்வளவுதானே?

பிப்ரவரி 20

அவ்வளவு இல்லை.

"நீ இங்க வேலை பார்த்தேன்னு நான் எழுதினா, மத்ததெல்லாம் யார் எழுதினதுன்னு கேப்பாங்கம்மா" என்றார் டாக்டர். "பொய்யின்னா எத்தனை வேணும்னாலும் கேளு. டைபாய்டு போட்டுக்கோ. நல்ல வியாதி."

பிப்ரவரி 23

நானே எழுதினேன். 'குளோரியா முழு ஆரோக்கியத்துடன், ஜூலையிலிருந்து தினமும் காலையில் என் கிளினிக்கில் வேலை பார்த்தார்.' நாலு காமாலைக்கு நடுவில் செருகி நீட்டினேன்.

இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் மனுஷன் படித்துப் பார்க்கிறார். கிழித்துப்போட்டார்.

பிப்ரவரி 25

சாம்பல் புதன். காலையிலேயே பூசைக்குப் போய்விட்டு, நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். "இன்னைக்காவது சண்டை போடாதேம்மா" என்றார் டாக்டர். போடவில்லை. யோசித்தேன்.

பிப்ரவரி 26

நாளை கடைசி நாள்.

வெளியே பெஞ்சில் ஏழு பேர், ஏழு பேருக்கும் நாளைக்குள் வியாதி வேண்டும். என் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். கடிதத்தை மறுபடி எழுதி, உள்ளே போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல போடுங்க. அப்புறம்தான் அவங்களுக்குக் காமாலை."

டாக்டர் தானே ஒரு சர்டிபிகேட் எழுதிப் பார்த்தார். வெளியே கொண்டுபோனேன். முதல் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன வியாதி?" என்றான். உள்ளே எடுத்துவந்து அவரிடமே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். எதிரே நோயாளி யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "கையெழுத்துப் போடுங்க டாக்டர்."