இரண்டு சாவியும் ஒருவர் கையில்

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது. அப்பாவுக்கு என்ன என்பதை இதைப் படித்துவிட்டு நீதான் சொல்ல வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. மீட்டிங் இல்லாத நாளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனைத் தொந்தரவு பண்ணாதே என்று ஜாடை காட்டுகிறார். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனி, அப்பா வேலை பார்த்த அந்தப் பழைய பேங்க் கட்டடத்தை ஹோட்டலாக்கியும் கெடுக்கவில்லை. நான் பயந்தது போல இடித்துத் தள்ளாமல் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். பித்தளைக் கம்பி போட்ட கேஷ் கவுன்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உள்ளே பணத்துக்குப் பதில் மதுப்புட்டிகள். லாக்கர் அறையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். மேனேஜர் அறைக்கு ஒரு ராத்திரி வாடகை என்னவென்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பித்தளை டோக்கனை இப்போது சாப்பாட்டு மேஜைக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இரும்புக் கதவு போட்ட பெட்டக அறைதான் சாப்பாட்டுக்கூடம். அப்பாவின் மைப்புட்டி கவிழ்ந்து தரையில் கறை படிந்த இடத்தைக் கண்ணாடி போட்டு மூடி, விளக்கு வேறு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கறைக்காக மேனேஜர் அவரை நிற்க வைத்துத் திட்டினார். இன்றைக்கு அதைக் குனிந்து குனிந்து படம் எடுக்கிறார்கள்.

அப்பாவும் ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் போனார். சாயங்காலம் ஆனால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார். விருந்தாளிகளின் முன்னால் பழைய கேஷியராகவே நின்று, இரண்டு சாவி போட்டுப் பெட்டகத்தைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று நீ சொல்லியிருந்தாய். எந்தச் சாவி முதலில், எது எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். ஹோட்டலுக்கு மேனேஜராக இருக்கிற பெண், இவரைப் பார்த்தால் கேஷியர் மாதிரி இல்லையே என்றாளாம். முப்பது வருஷம் கேஷியராக இருந்த மனிதருக்கு ஒட்டுமீசை வைத்து, கண்ணாடியில்லாத வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டாள். மீசைப் பசையில் மேலுதடு வெந்துபோய்விட்டது. நான் தேங்காய் எண்ணெய் போட்டேன். அதைக்கூட நான் சிரித்துக்கொண்டேதான் செய்தேன்.

பிறகு கொள்ளைக்காட்சி வந்தது. வெறும் சாவியைத் திருப்பினால் யாருக்கும் சுவாரசியமில்லை, ஒரு கதை வேண்டும் என்று உன் ஆபீசில் சொன்னார்களாம். நீ கதை கொடுத்தாய். உனக்குக் கதைக்கா பஞ்சம், வீட்டிலேயே இருந்ததே.

அந்தக் கதை உனக்கு யார் சொல்லித் தெரிந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார். பள்ளிக்கூடத்தில் உன்னைத் திருடன் மகன் என்று சொன்னார்கள் என்று அழுதுகொண்டே வந்தாய். அன்றைக்கு அப்பா என்னை வெளியே அனுப்பிவிட்டு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கதவுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அக்கவுன்டன்ட்டிடம். இரண்டும் ஒரே ஆள் கையில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்பது சட்டம். அன்று காலை அக்கவுன்டன்ட்டின் மனைவிக்கு ஆபத்தான பிரசவம். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வழியில் நம் வாசலில் நின்று, "நான் வர்ற வரைக்கும் இதை வச்சுக்கப்பா" என்று சாவியை அப்பா கையில் திணித்துவிட்டுப் போனார். மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கென்று பார்த்துத்தான் கொள்ளைக்காரர்கள் முகமூடியோடு பேங்குக்குள் வந்தார்கள். காவலாளி தடுத்தார், மண்டையில் அடி விழுந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அப்பாவின் கழுத்தில் கத்தியை வைத்துத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு சாவியும் அவரிடமே இருந்தன, திறந்தார்.

விசாரணையில் ஒரே கேள்விதான். இரண்டாவது சாவி உன்னிடம் எப்படி வந்தது? அதை மேஜைக்குள் பூட்டிவிட்டுப் போனதாக அக்கவுன்டன்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கவுன்டன்ட் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனார், எடுத்து வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அந்த மனிதரின் வேலை போயிருக்கும். அவர் வீட்டில் அப்போதுதான் பிறந்த குழந்தை. அப்பா வாயைத் திறக்கவில்லை. சாட்சி இல்லை என்று விட்டார்கள், ஆனால் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குக் கீழே சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அப்பா ஓய்வு பெறுகிற நாள் வரை அதே கேஷ் கவுன்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அக்கவுன்டன்ட் போய்ச் சேர்ந்தார், அவரும் தன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமலே.

உன் கதையில் இதெல்லாம் இல்லை. நீ என்ன கதை கொடுத்தாய் என்று எனக்கே தெரியாது, நேரில் பார்க்கிற வரைக்கும். மேனேஜர் பெண் தூணோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். விருந்தாளிகளில் சிலர் முகமூடி கட்டிக்கொண்டு வந்தார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டே தொப்பென்று விழுந்தான், ஒரே சிரிப்பு. அப்பா கையைத் தூக்கினார், திறந்தார். அதோடு முடியவில்லை. தொப்பி வைத்த ஒரு விருந்தாளி போலீஸாக வந்து, இரண்டு சாவியும் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டான். ஒரு பணியாள் பின்னாலிருந்து நூலை இழுத்தான். அப்பாவின் கோட்டுக்குள்ளிருந்து காகித நோட்டுகள் பொலபொலவென்று கொட்டின. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்கய்யா, நானும் கூட்டுதான்" என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். இனிமேல் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்றேன். அவர் மீசையைப் பிய்த்துக்கொண்டே, நீ போனில் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னார். இது வெறும் கதை, யாரும் நிஜமென்று நினைக்க மாட்டார்கள், இந்த யோசனைக்காகத்தான் உனக்குப் பெரிய பதவி பேசிக்கொண்டிருக்கிறார்கள், உன் மானம் அவர் கையில் இருக்கிறது என்றாயாம். "அவன் தலை குனியக் கூடாதுடி" என்றார். அவர் தலை என்ன கல்லா என்று கேட்டேன்.

யாரும் நிஜமென்று நினைக்க மாட்டார்கள் என்றாய் அல்லவா? போன வாரம் அக்கவுன்டன்ட்டின் மனைவி வீட்டுக்கு வந்தாள். அவள் பேரனின் பிறந்தநாளுக்கு எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள், கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சாவது மனசு விட்டு ஒத்துக்கிட்டாரே, அதுவே பெரிசு. எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் உங்க வீட்டுப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவார், ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றாள். அவள் வயிற்றுப் பிள்ளைக்காக வாயைக் கட்டிக்கொண்ட மனிதரை அவள் மன்னித்துவிட்டுப் போகிறாள்! என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்பா உள்ளேயிருந்து வந்து, அவளுக்குத் தண்ணீர் கொடு என்றார். கொடுத்தேன். அவள் வாசல் தாண்டுகிற வரைக்கும் அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

அன்று சாயங்காலம் நானும் கூடப் போனேன். மனுஷன் ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் வழக்கம்போல நடந்தது. போலீஸ் கேள்வி கேட்டான், பணியாள் நூலை இழுத்தான். நோட்டு கொட்ட ஆரம்பித்தது. அப்பா தலையைக் குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, உரக்க, "நான் கூட்டு இல்ல. நான் திருடல. அந்தச் சாவி என்னை நம்பிக் குடுத்தது" என்றார். எத்தனை வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து அது வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்லச் சொல்லக் கோட்டிலிருந்து நோட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு விநாடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த இரும்பு அறையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, நான் திருடல என்றார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

நான் எழுந்து ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பெண் பின்னாலேயே வந்தாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு சிரிப்பு இதுவரை வந்ததே இல்லை சார், அந்த இரண்டு வரியைத் தினமும் அப்படியே சொல்லுங்கள், இரண்டாவது தடவை சொல்வதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றாள். அப்பா சரி என்றார். இப்போது தினமும் சொல்கிறார். நிறுத்தித்தான் சொல்கிறார்.

வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், போட்டதைத் தின்கிறார். நேற்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அன்றைக்கு எடுத்த வீடியோவை மேனேஜர் பெண் உனக்கு அனுப்பியது அவருக்குத் தெரியும். பையன் பார்த்தானா என்றார். பார்த்தான் என்றேன். "அந்த இடத்துல அவனும் சிரிச்சானா?" என்று கேட்டார்.

நீ அனுப்பிய குரல் பதிவை நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன், ராஜா. அப்பா பின்னி எடுத்துட்டார்மா என்று நீ ஆரம்பித்து, மேலே பேச முடியாமல் சிரித்தாய். பின்னால் யாரோ உன் கூடச் சிரித்தார்கள். சின்ன வயதில் சிரித்தது மாதிரியே, மூச்சு முட்டச் சிரித்தாய். அதை நான் அழித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை, ரொம்ப நேரம் பேசவே இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் ஹோட்டலின் ஆண்டு விழாவுக்கு உன் முதலாளிகளோடு வருகிறாயாம், முன்வரிசையில் உனக்கு இடம் போட்டாயிற்று என்று அந்தப் பெண் சொன்னாள். காட்சியை நிறுத்தச் சொல்லி உன்னை நான் கேட்கவில்லை. கேட்டால் நீ செய்ய மாட்டாய் என்று தெரிந்துவிட்ட பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியக் கூடாது, அது மட்டும்தான் எனக்கு வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. ஆயிரம் பேர் சிரித்தாலும் உன் சிரிப்பு எது என்று அவருக்குத் தெரியும்.

பெரிய பதவி வந்து, குடும்பத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் உனக்காக வேண்டிக்கொள்வதும் அதைத்தான்.

உன் அம்மா