மிஷினுக்குக் காய் காட்டியவள்

ராயப்பன்பட்டி
8.12.2024

மரியே வாழ்க.

அன்புள்ள ராக்கம்மா அக்காவுக்கு ஆரோக்கியம் எழுதிக்கொள்வது. நானும் வீட்டுக்காரரும் சுகம். நீங்களும் சுரேஷ்கண்ணனும் மருமகளும் திருப்பூரில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்கிறேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் உண்மை.

உங்கள் போனுக்கு எத்தனை தடவை அடித்தாலும் மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். விலாசம் சங்கிலியம்மாள் கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் பிடுங்கி வாங்கினேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே இந்த வருடம் மழை பரவாயில்லை. சுருளிப்பட்டியில் உங்கள் வீட்டை அடுத்த வயலில் இரண்டாம் போகம் நட்டுவிட்டார்கள். மகன் ஆல்பர்ட் வந்து திராட்சைக் கொடிக்குக் கவாத்து முடித்து, பெங்களூர் வேலைக்குத் திரும்பிவிட்டான். நீங்கள் அங்கே பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலையாமே. உங்கள் முழங்காலுக்கு அது ஆகாதே அக்கா.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஆடி மாதம் நம் குடோனுக்கு அந்தக் கலர் சார்ட்டர் மிஷின் வந்து இறங்கிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. ஏலக்காயை மேலே கொட்டினால் கேமரா ஒவ்வொரு காயையும் படம் பிடிக்கும், வெளுத்ததையும் வெடித்ததையும் காற்றால் ஊதித் தள்ளும் என்று முதலாளி சுந்தரலிங்கம் நம் இருபத்திரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். யாருக்கும் வேலை போகாது என்றும் சொன்னார். நீங்கள் என் காதில், "போகாதுன்னு சொல்றாகன்னா போகப் போகுதுன்னு அர்த்தம்" என்றீர்கள்.

மிஷினைப் பொருத்த கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹேமாவதி என்ற பெண் அரிசியும் பருப்பும்தான் பார்த்தவள். ஏலக்காயில் எது நல்லது, எது கழிவு என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு தட்டு வேண்டும், ஒன்றில் நல்ல காய், ஒன்றில் கழிவு, அதைப் பார்த்துத்தான் மிஷின் படிக்கும் என்றாள். முதலாளி என்னைக் கை காட்டினார். அன்றிலிருந்து உங்கள் கண்ணில் நான் அவர் ஆளாகிவிட்டேன்.

அக்கா, உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதை வீட்டுக்காரரிடம்கூட முதலில் சொல்லவில்லை. அந்தத் தட்டுகளை நான் மாற்றி வைத்தேன். நல்ல தட்டில் வெளுத்த காய்களையும் சொறி பிடித்த காய்களையும் கலந்தேன். கழிவுத் தட்டில் நல்ல பச்சைக் காய்களைப் போட்டேன். அதைத்தான் மிஷின் படித்தது. மூன்று நாள் அது நல்ல காயை ஊதித் தள்ளிக்கொண்டே இருந்தது ஞாபகமிருக்கிறதா? நீங்கள் முறத்தைத் தட்டிச் சிரித்தீர்கள். "இந்தப் பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடி, நம்ம கையிக்கு ஈடாகுமா?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கை கழுவப் போனபோது ஹேமாவதி மிஷினுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. தனியாக ஒரு பெண்ணை மிஷின் பொருத்த அனுப்பியது இதுதான் முதல் தடவையாம். சரிவரவில்லை, திரும்பி வா, வேறு ஆள் அனுப்புகிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். "எனக்கு ஏலக்காய் தெரியல அக்கா, தப்பு என் மேலதான்" என்று என்னிடமே சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்ததை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே இரண்டு தட்டையும் புதிதாகப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு காயாகப் பார்த்து, நாம் வெளிநாட்டுச் சரக்குக்குப் பொறுக்குவோமே, அந்தச் சுத்தத்தில் கொடுத்தேன். மறுநாள் மிஷின் ஒரு பிழை விடவில்லை. மூன்றாவது வாரம் உங்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு நீ மட்டும் நல்லாயிரு ஆத்தா." நீங்கள் சொன்னது நடந்துதானே இருந்தது. பத்து நாள் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. மகன் வந்து கூட்டிப்போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் சல்லடை மிஷின் வந்தபோதும் நாம் இப்படித்தான் பயந்தோம். அப்போது நாம் ஆறு பேர். அது பெரிய காயையும் சின்னக் காயையும் பிரித்துத் தள்ளிய வேகத்தில் மூட்டை அதிகம் வந்தது, ஆறு பேர் இருபத்திரண்டு ஆனோம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய வியாபாரிகள் கம்ப்யூட்டர் ஏலத்துக்கு மாறியபோது தரகர்கள் எல்லாம் பிழைப்புப் போச்சு என்றார்கள். பாதிப் பேருக்கு உண்மையாகவே போனது, பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். ஆகையால் மிஷின் வந்தால் நல்லது என்றும் என்னால் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. அது வரும்போது பக்கத்தில் நிற்பவர் யார், அவர் என்ன கேட்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த வரையில் விஷயம். ஆடி மாதம் நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் மலையிலிருந்து ஒரு தரகர் இருபது மூட்டை கொண்டுவந்தார். மிஷின் அத்தனையையும் முதல் தரத்தில் தள்ளியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நான் சாக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு ஈரக்கையோடு காயை அள்ளினேன். விரலெல்லாம் பச்சை. மோந்து பார்த்தால் வாசனை செத்துப்போய் இருந்தது. போன வருடத்துக் காய்க்குச் சாயம் போட்டிருந்தார்கள் அக்கா. பச்சையா என்று மட்டும் பார்க்கிற மிஷினுக்கு அதைவிட நல்ல காய் கிடையாது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மிஷினே பாஸ் பண்ணிருச்சு, நீ என்ன புதுசாச் சொல்ற?" என்றார். மறுநாள் காலையில் லாரி ஏற்ற வேண்டிய சரக்கு. நான் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, பத்துக் காயைப் போட்டு, அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் வாய்க்கால் பாசி மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு முகம் வெளுத்துப்போனது. அந்தச் சரக்கு போயிருந்தால் இருபது வருடப் பேர் ஒரே நாளில் போயிருக்கும். இருபது மூட்டையையும் தரகரிடமே திருப்பி அனுப்பினார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, மிஷின் பொறுப்பு முழுவதும் உனக்கே என்றார். எனக்கு அதை அப்படியே வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. தட்டு மாற்றி வைத்த கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். நிற்கச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், "மூணு நாள் மிஷினையே ஏமாத்துன ஆளுக்குத்தான் அது எங்கன ஏமாறும்னு தெரியும். நீயே பாரு" என்றார்.

இந்தத் தடவை கேட்டேன் அக்கா. நான் ஒருத்தி மோந்து பார்த்தால் போதாது, மிஷினிலிருந்து வருகிற காயைக் கையால் பார்க்க ஒரு மேஜை வேண்டும், எட்டுப் பேர் வேண்டும், அவர்கள் பழைய ஆட்களாக இருக்க வேண்டும் என்றேன். கிலோவுக்கு இவ்வளவு என்று இல்லாமல் மாதச் சம்பளம் வேண்டும் என்றேன். மிஷின் ஓட்ட எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றேன். நாலு பேர் போதும் என்றார். நான் எட்டிலேயே நின்றேன். இரண்டு நாள் இழுத்தடித்தார். மூன்றாம் நாள் சரி என்றார்.

சங்கிலியம்மாள், செல்வமணி என்று ஏழு பேர் வந்துவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் ஜீப்பில் மலைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள், சிலர் வீட்டோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு வழி செய்ய முடியவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

எட்டாவது இடத்துக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை இழந்து நிற்கும்
ஆரோக்கியம்மாள்


ராயப்பன்பட்டி
2.1.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. நாலே வரி. மூன்று வரியில் திட்டு. அதைச் செல்வமணிக்கும் சங்கிலியம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். "எழுத்துலயும் அதே வாய்தான்" என்று சங்கிலியம்மாள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது வரியை யாருக்கும் வாசிக்கவில்லை. தட்டு மாற்றியதை அன்றைக்கே ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாளாக யோசித்தேன். அழகாகச் சொல்ல வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சொல்லியிருந்தால், மாற்றிக்கொண்டே இருடி என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நானும் கேட்டிருப்பேன். இருபது வருடத்தில் நீங்கள் சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, உங்கள் முகத்தைப் பார்த்தால் திரும்பவும் மாறிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் உங்கள் பக்கமே வராமல் இருந்தேன். நீங்கள் அதைத் திமிர் என்று நினைத்தீர்கள்.

போன வாரம் ஹேமாவதி மிஷினைப் பார்க்க வந்திருந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். முதலில் அவள் முகம் சுருங்கிவிட்டது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஆளிடம் தட்டு வாங்க மாட்டேன், மூன்று பேரிடம் வாங்குவேன் என்றாள். அப்புறம் சங்கிலியம்மாளுக்குத் திரையில் எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சங்கிலியம்மாள் ஒவ்வொரு தடவையும் விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறாள். சாயக் காயைக் கையால் கண்டுபிடித்த குடோன் என்று மலையில் பேச்சுப் பரவி, தோட்டக்காரர்கள் அவர்களாகவே சரக்குக் கொண்டுவருகிறார்கள். தை மாதம் இன்னொரு மேஜை போடலாம் என்று முதலாளியே பேச்சை எடுத்தார். நடந்தால் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களில் இன்னும் சிலரைக் கூப்பிடலாம். நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எதைக் கேட்க வேண்டும் என்று இப்போது எட்டுப் பேருக்குத் தெரியும்.

உங்களையும் சேர்த்துத்தான் எட்டு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை.

சுரேஷ்கண்ணனிடம் நான் பேசட்டுமா? அம்மாவை ஊருக்கே வேலைக்குத் திருப்பி அனுப்புகிறோமே என்று அவன் சங்கடப்படலாம். அங்கே நின்றுகொண்டு செய்வதை இங்கே உட்கார்ந்து செய்யலாம் என்று சொல்லுங்கள். பொங்கலுக்குச் சுருளிப்பட்டிக்கு வருவீர்கள் அல்லவா? பொங்கல் கழிந்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் குடோன் திறக்கும். கோபம் தீர்ந்துதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோபத்தோடேயே வாருங்கள். எதிரே உட்கார்ந்து காய் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கத் திட்டுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் கேட்க முடியவில்லை.

உங்கள் சுருளி வேலப்பரும் எங்கள் மாதாவும் உங்களை நல்லபடியாகப் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

வருகையை எதிர்பார்க்கும்
தங்கச்சி
ஆரோக்கியம்