வெட்டினால் வலிக்காத நாவல்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிலிருந்து புத்தகப் பசையின் வாசனை போகவில்லை. நேற்று வாங்கி வந்த நாவலைப் பழக்க தோஷத்தில் கத்தியால் முதுகோடு இரண்டாக வெட்டிவிட்டேன். பிற்பாதியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்த பிறகுதான் உறைத்தது, எடுத்துக்கொள்ள நீ இல்லை என்று.

துறைமுகத்தில் அந்தக் கப்பல் ஏஜென்சி ஆபீசில் எதிரெதிர் மேசையில் பில் அடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கிய வழக்கம். ஒருத்தி படித்து முடிக்கும்வரை இன்னொருத்திக்குப் பொறுமை கிடையாது. முற்பாதி எனக்கு, பிற்பாதி உனக்கு, முடித்ததும் மாற்றிக்கொள்வோம். புத்தகக்கடை அண்ணாச்சி ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்துப் பதறிப்போனார். “ஏம்மா, கோழிய வெட்டுத மாதிரி புஸ்தகத்த வெட்டுதியளே!”

நீ அசரவில்லை. “நடுவுல வெட்டுனா வலிக்கணும் அண்ணாச்சி. வலிக்கலன்னா அது நாவலே இல்ல.”

முன்னால் என்ன நடந்ததென்று தெரியாமல் உனக்கு மண்டை காய வேண்டும். காய்ந்தால் நல்ல நாவல். அதற்குமேல் நீ எந்த விமர்சனமும் எழுதியதில்லை.

இந்த நாவல் வலிக்கவே இல்லை. நீ இல்லையே என்று பிற்பாதியை நானே முதலில் எடுத்தேன். ஒன்றும் குறையவில்லை. கல்யாணம் வருகிறது, புயல் வருகிறது, சித்தப்பா ஊரைவிட்டு ஓடுகிறார். எதைத் தூக்கி எதற்கு முன்னால் வைத்தாலும் கதைக்குக் கவலையில்லை. சொல்பவள் எட்டு வயதுச் சிறுமி, நம் கரைக்காரி. சங்கு குளிக்கப் போன அப்பா பிணமாகத் திரும்புகிறார். அப்போது அவள் சொல்கிறாள், கடல் கொடுத்ததைக் கடலே வாங்கிக்கொண்டதாம். எட்டு வயதில்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிக்குப் போனேன், இறங்கி வந்தேன், காய்ந்த துணியை மறுபடி மடித்தேன். திட்டித் தீர்க்கக் கூட ஆள் வேண்டாமா?

புன்னைக்காயலில் உன் அப்பாவை அப்படிக் கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது உனக்கும் எட்டு வயதுதான். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே ஒருநாள் சொன்னாய்.

“அப்பாவுக்காக அழுதேன்னு நெனைக்கியா? கூட்டத்துல எவனோ என் புதுச் செருப்ப மிதிச்சு வார அத்துட்டான். அந்தக் கோவத்துல கத்துனேன். பாவம் பிள்ளன்னு எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்கி வச்சுக்கிட்டாவ. எட்டு வயசுல அவ்வளவுதான் தெரியும், ஏளா.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தயிர்ச் சாதத்துக்கு ஊறுகாய் கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் இந்த நாவலுக்குக் கூட்டம். நான்தான் பேச வேண்டும். செயலாளர் போன் செய்தார். “நம்ம ஊர்ப் பையன் எழுதுனது, மேடம். நாலு வார்த்த நல்லதா சொல்லிருங்க.” என் வீட்டுக்காரரும் எதற்கு வம்பு என்கிறார். புகழ்ந்துவிட்டு வந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருக்கிறது. உன் செருப்பை மேடையில் எடுத்துவைக்கவும் எனக்கு உரிமை இல்லை. நீ அதை எனக்கு மட்டும் சொன்னாய். நேற்றிலிருந்து இதே அலைச்சல்தான். காலையில்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: “தம்பி, அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு எதுமேல கோவம்?” அவனுக்குப் பதில் தெரிந்தால் அடுத்த நாவலை எழுதட்டும்.

அந்தக் கேள்வியை உன்னிடமிருந்து மட்டும் நான் எடுக்கவில்லை. உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போன அன்று, இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்தி அழுதேன். உள்ளே ஓடியது என்னவோ இதுதான்: கடைசியாக வெட்டிய நாவலின் பிற்பாதி இவள் வீட்டில் கிடக்கிறதே, முடிவு தெரியாமல் என்னை இப்படி விட்டுவிட்டாளே பாவி. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

உன் மகனிடம் கேட்டால் தேடித் தருவான். அண்ணாச்சி கடையில் புதுப் பிரதியே இருக்கிறது. நான் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. முற்பாதி என் கைப்பையில்தான் இருக்கிறது, ஓரமெல்லாம் சுருண்டு. நல்ல நாவல்தான், ஏளா. வெட்டின இடம் இன்னும் வலிக்கிறது.