அறுபத்திரண்டு நாள் ஓய்வு

ஜூன் 9, ஞாயிறு, காலை 7.20.

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நாவலை முடிக்கட்டும் என்று நீ குழந்தையோடு உன் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு அறுபத்திரண்டு நாள். எழுதிய பக்கம் பூஜ்ஜியம். போனில் நாற்பது என்றேனே, அது பொய்.

நீ போன மறுநாளே ஒரு வாரம் ஓய்வு எடுத்தேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் எடுப்பதுதானே. மோட்டார் ரிப்பேர்தான் என் பிழைப்பு; சூடேறியதை ஆறவிடுவது பழக்கம். ஆறினால் சுவிட்சைத் தட்டியதும் ஓடும் என்று நம்பினேன். எட்டாம் நாள் மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. இன்னும் ஒரு வாரம் என்றேன். ஃபேனைக் கழற்றி எண்ணெய் போட்டேன், குழாயை மாற்றினேன், பேனாவை மட்டும் தொடவில்லை.

போன ஞாயிறு உன் அம்மா போனைப் பிடுங்கி, "மாப்பிள்ளை, புத்தகத்துல என்னை வில்லியாக்கிடாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் நீ சொன்னாய்: "பாப்பா நடக்க ஆரம்பிச்சு ஒன்பது நாளாச்சுடா. சொன்னா உடனே கிளம்பி வந்துடுவ, எழுத்து கெட்டுடும்னுதான் சொல்லல."

அந்த ஒன்பது நாளும் நான் கட்டிலில் படுத்துக் கிடந்தேன்.

இனி எழுத வருமா, தெரியாது. செய்யப்போவது இவ்வளவுதான்:

1. இன்று நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். எடுத்தால் நாற்பது ஐம்பதாகிவிடும்.
2. நாளை இதைத் தபாலில் போட்டுவிட்டு, நாவல் இல்லை என்று பதிப்பாளரிடம் சொல்வேன்.
3. வியாழன் அங்கே வருவேன். நீ உள்ளே விடாவிட்டாலும், பாப்பா நடப்பதைத் தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

உன் வீட்டுக்காரன்