நான்கு சொட்டு வெள்ளை

அக்கா,

இன்று காலை காட்சிக்கூடத்திலிருந்து ஒரு படகு திரும்பி வந்தது. நாம் செய்த ஆறில் ஒன்று. முன்பக்கக் கதவு ஒடிந்திருந்தது. தூசி தட்டியவர் கை பட்டிருக்கும். போன பெட்டியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். படகை எடுத்ததும் அடியில், நுரைத் துண்டுக்குக் கீழே, ஓர் ஐஸ்கிரீம் குச்சி கிடந்தது. அதில் ஐந்து பச்சைக் கோடுகள், ஒன்றைவிட மற்றொன்று வெளிறியதாக. நான்காவது கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் உங்கள் கையெழுத்து: "வெள்ளை 4 சொட்டு. இதான்."

அந்தப் பெட்டிகளைக் கட்டியது நீங்கள்தான். குச்சி தவறி விழுந்ததா, வைத்துவிட்டுப் போனீர்களா, எனக்குத் தெரியாது. கேட்பதற்கு இப்போது நீங்கள் இல்லை.

குருபோங்கில் உள்ள இந்தப் பட்டறைக்கு நான் வந்ததே அந்தப் படகுகளுக்காகத்தான். வீடு விற்பவர்களுக்கு மாதிரி வீடுகள் செய்துகொண்டிருந்த முதலாளிக்கு, கடலோரக் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து புது வேலை கிடைத்திருந்தது. போர்க்காலத்தில் படைவீரர்களைக் கரையில் இறக்கிய படகுகளின் மாதிரிகள் ஆறு, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, நிறம் சரியாக இருக்க வேண்டும். பழைய ஆவணங்களைப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க, வரலாறு படித்த என்னை எடுத்தார். வண்ணம் அடிக்க நீங்கள். உங்கள் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே இரண்டு மேசைகள்.

என்னை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யுனிவர்சிட்டி, சாப்பிட்டியாலா? பேப்பரையே மென்னுக்கிட்டு இருக்காத" என்பீர்கள். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். பெம்பான் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாயைத் திறக்காத பிள்ளை என்று ஊரில் என்னைப் பாராட்டினார்கள். அது பாராட்டுக்குரியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மெர்லிமாவில் உங்கள் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வருடக்கணக்காகப் பெட்ரோல் டேங்குக்கு வண்ணம் அடித்தவர் நீங்கள். வெயிலில் வெளுத்த டேங்கில் கீறல் விழுந்தால் புது டின்னை அப்படியே அடிக்க மாட்டீர்களாம். "டின்னு நம்பர் படி அடிச்சா ஒட்டுப் போட்ட மாதிரி காட்டிக்கொடுத்துடும். கண்ணு ஏத்துக்கிறதுதான் கலர்" என்று ஒருநாள் சொன்னீர்கள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறிப்பு எடுக்க வேண்டியவை ஆவணங்கள் மட்டும் என்று இருந்தேன்.

படகுகளுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைத்து அதில் வண்ணம் பூசியவர் பெயரைப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மூன்றாம் படிவம் படிக்கும் மகளைப் பள்ளி விடுமுறையில் கூட்டிப்போய்க் காட்டப் போவதாக, இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்தபடி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. டேங்கில் யாரும் பெயர் எழுதுவதில்லை, இல்லையா?

படகுகள் காய்ந்த அன்று நீங்கள் மதியச் சாப்பாடு வாங்கப் போயிருந்தீர்கள். நான் போர்க்கால நிற அட்டையின் நகலை ஒரு படகின் மேல் வைத்துப் பார்த்தேன். படகு வெளிறியிருந்தது. தெளிவாகவே வெளிறியிருந்தது. நீங்கள் வரும்வரை காத்திருந்து, "அக்கா, இது ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் படம் எடுத்து, நிறம் அட்டைப்படி இல்லை, வெள்ளை கலந்திருக்கிறது என்று முதலாளியின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன். கூச்சம் என்று இப்போதும் எழுதுகிறேன் பாருங்கள். அதற்குச் சரியான பெயர் கோழைத்தனம்.

முதலாளி அந்தப் படத்தை உங்களிடமே நீட்டினார். அட்டையைப் பிடித்திருந்த என் கட்டைவிரலும் அதில் விழுந்திருந்தது. சின்னப் படகுக்கு முழு நிறம் அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் கறுப்புக் கட்டியாகத் தெரியும் என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். படித்த பெண் தப்பாகச் சொல்லாது என்று முடிவு செய்துவிட்டார்.

நீங்கள் என் மேசைக்கு வந்து நின்றீர்கள். குரலை உயர்த்தவில்லை.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா. ரெண்டு மேச தள்ளித்தானே இருந்தேன்."

அன்று "யுனிவர்சிட்டி" என்று கூப்பிடவில்லை.

ஆறு படகுகளையும் மூன்று நாளில் திரும்ப அடித்துக் கொடுத்தீர்கள். அது நீங்கள் பார்த்த நிறம் இல்லை, பெயர் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் மெர்லிமாவுக்கே போய்விட்டீர்கள். பெயர் அட்டையில், நிறத்தைக் கண்டறிந்தவர் என்று என் பெயர் மட்டும் வந்தது. அப்பா அதைப் படம் எடுத்துக் கோயிலில் எல்லோருக்கும் காட்டினார். அவர் படம் எடுத்த அன்று காட்சிக்கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், படகெல்லாம் ஏன் கரி பிடித்த மாதிரி இருக்கிறது என்று கணவரிடம் கேட்டார்.

அதன் பிறகுதான் மாதிரி செய்பவர்களின் கையேடுகளைத் தேடிப் படித்தேன். சிறிய பொருளைக் கண் தூரத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும், தூரத்தில் எந்த நிறமும் வெளிறும், அதனால் கொஞ்சம் வெள்ளை கலப்பது அவர்களில் பலருக்கும் வழக்கம் என்று அச்சிலேயே இருந்தது. ஜாசின் சாலையில் போகும் பேருந்தில் தினமும் பார்த்ததுதான். பக்கத்தில் நிற்கும் செம்பனை கரும்பச்சை, கடைசி வரிசை சாம்பல். எத்தனையோ முறை உங்களுக்குச் செய்தி எழுதி அழித்தேன். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று தள்ளிப்போட்டேன். நேரிலும் போகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்தில் நின்றேன். உங்கள் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, அம்மாவோடு வேலை செய்தவளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அம்மா கலர் தப்பா அடிச்சிட்டாங்களாம்ல அக்கா? அதான் பேர் போடலன்னு அப்பா சொன்னாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று குச்சியை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். நிறத்தில் தப்பு செய்தது நான், உங்கள் கலவைதான் சரி, இந்தப் படகையாவது அதில் அடிப்போம் என்று சொன்னேன். அவர் குச்சியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற ஐந்தும் காட்சியில் இருக்கின்றன, இது மட்டும் வேறாகத் தெரியுமே என்றார். தெரியட்டும், கேட்டால் நானே வந்து சொல்கிறேன் என்றேன். பிறகு குச்சியை என்னிடம் நீட்டி, சரி, அவள் நிறத்திலேயே அடிக்கச் சொல் என்றார். அந்தப் படகுக்குத் தனி அட்டை வரும். அதில் உங்கள் பெயர் இருக்கும். ஐந்து படகுகள் இன்னும் என் தப்போடுதான் நிற்கின்றன. அவற்றுக்கு என் பெயரே இருக்கட்டும்.

குச்சியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நாளை மெர்லிமாவுக்குப் போகிறேன். உங்கள் மகளுக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, அம்மா தப்பாக அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். முதலாளிக்கு நான் அனுப்பிய படத்தையும் அவள் பார்க்கட்டும். அதில் இருக்கும் கட்டைவிரல் யாருடையது என்று, அவள் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட வேண்டும்.